சந்தேகம் எண் ஏழு

"இந்தக் கேள்விய யாரு எழுதுனது?" என்று சுதர்சன் சார் கேட்டதும், ஆபீஸில் இருந்த ஆறு பேரும் ஒரே சமயத்தில் நர்மதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காட்டிக்கொடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை. அவளைத் தவிர வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்குள்ள வயதானவர்கள் தங்கள் சின்ன வயசு ஞாபகங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, வார்த்தை பிசகாமல் இங்கிலீஷிலேயே டைப் அடித்துத் தர வேண்டும்.

கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடும் காலம்தான். ஆனால் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற தாத்தாக்களின் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. நர்மதாவுக்குப் பிடிபட்டது.

மூன்றே மாதத்தில் அந்த ஊர் அவளுக்கு அத்துப்படி. பனி கொட்டிய நாளில் பிள்ளைகள் தகரத் தட்டில் உட்கார்ந்து சறுக்கிய மேடு எது, மிட்டாய்க்கடை அம்மாள் யாருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகப் போடுவாள், காற்று எந்தப் பக்கம் அடித்தால் கொடியில் காயும் துணி கறுத்துப்போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். புழுதி அவளுக்கும் புதுசில்லை. திருமானூரிலிருந்து அரியலூருக்கு, சிமென்ட் லாரிகளின் பின்னால் பஸ்ஸில் போய்ப் படித்தவள்.

வேலை நிரந்தரமா, மூட்டை கட்ட வேண்டியதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். பார்த்து, அன்றைக்கென்று சார் இந்தத் தாளோடு வந்து நிற்கிறார்.

பதிவில் ஏதாவது விளங்காவிட்டால், கடைசியில் 'சந்தேகங்கள்' என்று எண் போட்டு எழுதி அனுப்பலாம். நர்மதா ஏழு எழுதியிருந்தாள். முதல் ஆறும் ஊர்ப்பெயர், ஆட்பெயர். ஏழாவதை சார் தமிழில் உரக்கச் சொன்னார்.

"தன் அம்மா, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறு பிள்ளைகளையும் டீ குடிக்கக் கூப்பிட்டதாக வில்ஃப்ரெட் ஐயா சொல்கிறார். அப்புறம் படுக்கப் போனோம் என்கிறார். அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டார்களா? தயவுசெய்து கேட்டுச் சொல்லவும்."

ஆபீஸ் குலுங்கிச் சிரித்தது.

"அடியே, அந்த ஊருல டீன்னாலே ராத்திரி சாப்பாடுதான்டி!" என்றாள் பக்கத்து நாற்காலி அனுசுயா. "ரொட்டி, கறி, உருளைக்கெழங்குன்னு ஒரு கட்டு கட்டிட்டுத்தான் படுப்பாங்க. எம்பத்தஞ்சு வயசு மனுசன், பத்து வயசுல சாப்பிட்டாரான்னு இப்ப ஒக்காந்து கவலப்படுறா பாரு."

"அவங்கம்மாவச் சொல்லணும்க்கா," என்றான் எதிர் மேசை பிரேம். "தெனம் பன்னெண்டரைக்குத் தட்டைப் போட்டோ புடிச்சு அனுப்புறாங்கள்ல. வூட்டுலயே ஓட்டல் வெச்சிருக்காங்களோ என்னமோ. இவுங்களுக்கு எந்நேரமும் சோத்து நெனப்புதான்."

நர்மதாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் போட்டோ ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். திருமானூரில் தனியாக இருக்கும் அம்மா செல்வம்மாள் அனுப்புவது. பாதி தட்டு தெரியும், பாதி கட்டைவிரல் தெரியும்.

சார் மட்டும் சிரிக்கவில்லை.

"பதில் வந்திருக்கு," என்றார். வில்ஃப்ரெட்டின் மகள் எழுதியிருந்தாள். சார் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கேள்வியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊரில் எல்லா வீட்டிலும் டீ என்றால் சாப்பாடு. தாத்தா சுரங்கத்தில் அடிபட்டுப் படுத்திருந்த அந்த ஒரு வருஷம், தங்கள் வீட்டில் மட்டும் டீ என்றால் வெறும் டீதான் என்றார். இத்தனை வருஷத்தில் எங்களிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. எழுதுகிறவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார். இன்னும் பன்னிரண்டு பதிவு பேசப் போகிறாராம். அதையெல்லாம் இந்தக் கேள்வி கேட்டவரே எழுதினால்தான் பேசுவாராம்."

சார் தாளிலிருந்து நிமிர்ந்து நர்மதாவைப் பார்த்தார்.

"பன்னெண்டு பதிவுன்னா ஒன்ன எப்படிம்மா வீட்டுக்கு அனுப்புறது? நிரந்தர வேலைக்கு ஆர்டர் அடிக்கச் சொல்லிட்டேன்," என்றார் சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி, எப்படிக் கண்டுபுடிச்ச?"

"டீன்னா சாப்பாடுன்னு எனக்கும் தெரியும் சார். நாப்பது பேரு பேச்ச அடிச்சிருக்கேன்ல. அவங்க எல்லாரும் என்ன தின்னோம்னு வாய் ஓயாம சொல்றாங்க. இவரு ஒண்ணுமே சொல்லல."

"அதுக்காக?"

"அவரோட அம்மா மட்டும் ஒக்கார மாட்டாங்களாம். 'எனக்கு அப்பவே ஆச்சு, நீங்க குடிங்க'ன்னு நின்னுக்கிட்டே இருப்பாங்களாம். ரொம்பச் சந்தோசமா சொல்றாரு சார் அத."

சார் தாளை மடித்துக்கொண்டு போனார். பிரேம் எழுந்து போய், கேட்காமலே அவளுக்குத் தண்ணீர் பிடித்து வந்து வைத்தான்.

பன்னிரண்டரைக்கு போன் சிணுங்கியது.

அனுசுயா கிண்டலுக்கு வாயைத் திறந்துகொண்டேதான் எட்டிப் பார்த்தாள். சோறு, முருங்கைக்கீரை, ஒரு ஆம்லெட், ஓரத்தில் கட்டைவிரல்.

நர்மதா போட்டோவைப் பெரிதாக்கினாள். சோற்றைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் நோட்டுத் திருத்துகிற மாதிரி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, தினமும் அனுப்புகிற பதிலை அன்றைக்கும் அனுப்பினாள்.

"சரி. தின்னுட்டு காலித் தட்டையும் அனுப்பு."