குழந்தை யாரிடம்?

"கதவைச் சாத்திடட்டுமா மேடம்?"

வக்கீலம்மா தலையசைத்தார். அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மூணாவது வக்கீல் நீங்க. மத்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

"நான் யாரையும் திருப்பி அனுப்பறதில்ல. அப்படி அனுப்பற அளவுக்கு இங்க கூட்டமும் இல்ல. சொல்லுங்க, விவாகரத்தா?"

"அது எப்ப வேணா வரட்டும். குழந்தை யார்கிட்டன்னு முதல்ல கோர்ட் எழுத்துல வேணும். பொண்ணு, அஞ்சு வயசு. எழுத்துல இருந்தாத்தான் பயம் இருக்கும். வாய்வார்த்தைக்கெல்லாம் அடங்காது."

"வீட்டுல அடிதடியா?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது மேடம். கையில என்ன இருக்குன்னும் தெரியாது. அப்புறம் ஒரே அழுகை. இனிமே தொடவே மாட்டேன்னு சத்தியம். அது ஒரு வாரம் தாங்கும்."

"குழந்தையையுமா?"

"குழந்தையை மட்டும்தான்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது.

"போன வாரம் பால் டம்ளரைத் தட்டி விட்டுடுச்சு. அவ்வளவுதான். மறுநாள் டீச்சர் கேட்டதுக்கு, படியில விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கல, அதுவா சொல்லியிருக்கு. இப்பல்லாம் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுது."

பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் முகம் வெளுத்தது.

"அவர்தான். காலையிலேர்ந்து பதினோரு தடவை. வீட்டுக்கு வா, வெளியில தெரிய வேண்டாம், நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்னு."

"எல்லாரும் பாடற பாட்டுதான். எடுக்காதீங்க."

"எடுக்கலைன்னா தேடிக்கிட்டு இங்கேயே வந்துடுவார். வந்து ரெண்டு வார்த்தை பேசினா நான் கூடவே போயிடுவேன் மேடம். அதான் பயமா இருக்கு. அடுத்த தடவை அது பிழைக்குமான்னு தெரியல."

வக்கீலம்மா ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டார். "இன்னைக்கே மனு போட்டுடலாம். குழந்தை இப்ப எங்க?"

"அவர்கிட்ட."

"அவர்கிட்ட விட்டுட்டா வந்தீங்க? நல்ல ஆளும்மா நீங்க. இருங்க, போலீஸ்ல சொல்லி முதல்ல குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

மேஜை மேலிருந்த போனை நோக்கி நீண்ட வக்கீலம்மாவின் கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம் மேடம். குழந்தை அவர்கிட்டயே இருக்கட்டும், நான் பக்கத்துலயே வரக்கூடாதுன்னு எழுதுங்க" என்றாள். "அடிக்கிறது நான்."