அரை நிமிஷ வேலை

"சார், லைவ்ல நேரா கை வைக்காதீங்க. போன வருஷம் பட்டது போதும்."

மேஸ்திரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பத்து வருஷம் மூட்டை சுமந்து, மேஸ்திரியாகி, படித்து மேலே வந்தவர். நாற்காலி மாறியும் பெயர் மாறவில்லை.

"ஒரு லாரிக்கு எத்தனை மூட்டைன்னு ஒரே ஒரு எண்ணுய்யா. இதுக்கு மூணு வாசல் ஏறி இறங்கணுமா?" என்றார் மேனேஜர்.

அந்த மூன்று வாசலையும் இரண்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்ததும் வைத்தவள் எதிர் மேசைப் பெண். எந்த மாற்றமானாலும் முதல் சிஸ்டத்தில் எழுதி, இரண்டாவதில் சோதித்து, பிறகுதான் மூன்றாவதான லைவுக்கு அனுப்ப வேண்டும். லாரிக்கு கேட் பாஸ் போடுவது அந்த லைவ்தான். போன வருஷம் மேனேஜர் அதில் நேராகக் கை வைத்ததில், ஒரு பகல் முழுக்க ஒரு பாஸ்கூட வரவில்லை. சுமைக்காரர்கள் வெயிலில் வெந்தார்கள். பழி மட்டும் மேஸ்திரி தலையில் விழுந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

"நீயாவது சொல்லும்மா" என்று அவளைப் பார்த்தார் மேஸ்திரி.

"சார் ஆசைப்படுறார், விடுங்கண்ணே."

மேஸ்திரி கீபோர்டை விட்டுக்கொடுத்தார். இவளை நம்பியா இத்தனை நாள்?

மேனேஜர் தன் லாகினில் நுழைந்தார், தட்டினார், எழுந்தார். "பாத்தியா? அரை நிமிஷம்." போய்விட்டார்.

மேஸ்திரி திரையைப் பார்த்தார். முந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

"ஐயோ, லாரிக்கு மூணு மூட்டையா? என் பொழப்பு போச்சே."

"பதறாதீங்கண்ணே. அவர் லாகின் லைவ் மாதிரியேதான் தெரியும். ஆனா திறக்கிறது முதல் சிஸ்டம். வந்த அன்னைக்கே மாத்திட்டேன். அவர் போடுறதைச் சோதிச்சு, சரியா இருந்தா நானே அனுப்பிடுவேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா விடுவாரா?"

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா பொம்மை வண்டியை ஓட்டிட்டு, ஊரையே ஓட்டுற மாதிரி மீசையை முறுக்கிட்டுப் போறாரே மனுஷன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன தங்கச்சி, அவசரத்துக்கு நான் மட்டும் லைவ்ல நேரா கை வைக்கிறதுண்டு. நேத்துகூட ரெண்டு இடத்துல மாத்தினேன். ஒரு பிசகு உண்டா? பழகின கை அப்படி."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ரெண்டுல ஒண்ணு தப்புண்ணே. திருத்திட்டுத்தான் லைவுக்கு அனுப்பினேன்."