ஒரு முழம் ரப்பர் டியூப்

கட்டி இழுத்து வந்த காரை வாங்கப் போகிறவன் என்று பிராங்க் பொய் சொல்லியிருந்தான். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றான். டில்லிபாபு அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துகொண்டான்.

மேனாம்பேட்டில் தகரக் கூரை போட்ட ஷெட் அது. சித்திரை வெயில் கூரையைத் தாண்டி உச்சந்தலையில் இறங்கியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் இரண்டு கால்களையும் பார்த்தபடி பிராங்க் போனை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து ஓர் அழைப்பு. பெயரில்லாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டமாக இருக்கும். இரண்டாவது மணிக்கே துண்டித்தான். பல வருஷப் பழக்கம், விரல் தானாகச் செய்தது. பிறகு பேச்சைப் பதிவு செய்ய வைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஐந்து மாதத்துக்கு முன், நவம்பர் மழையில், அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் இந்த வண்டி நின்றுபோனது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. வந்த வழியெல்லாம் மழைத் தண்ணீரில் சிவப்பு எண்ணெய் மிதந்தது. பின் சீட்டில் அவன் மனைவி ஆஷ்லிக்கு மூச்சு முட்டியது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் உயிர் தாங்கவில்லை.

போன வாரம் டாஷ்போர்டைக் குடைந்தபோது இந்த ஷெட்டின் பில் கிடைத்தது. அக்டோபர் தேதி. 'கூலர் லைன் லீக், டியூப் போட்டது' என்று ஒரே வரி. வக்கீலிடம் காட்டினான். போட்டேன் என்று அவன் வாயாலேயே வரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். ஐந்து மாதமாக எதுவுமே உறைக்காமல் கிடந்த பிராங்குக்கு, இன்று காலைதான் சவரம் செய்துகொள்ளத் தோன்றியது.

டில்லிபாபு வெளியே வந்தான். கையில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் டியூப். ஊதிப்போய், ஓரத்தில் வாயைப் பிளந்திருந்தது.

"கியர் பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போற லைன் சார். கியர் ஆயில் இதுல போய் சூடு ஆறிட்டுத் திரும்பும். பைப்பு இருக்க வேண்டிய எடத்துல ரப்பர் கீது. சூடு தாங்காம கிய்ஞ்சி, மொத்த ஆயிலும் பூட்ச்சி."

"இதை யாரு போட்டது?"

வேறு எவனையாவது திட்டப் போகிறான் என்று பிராங்க் காத்திருந்தான். அடுத்த ஷெட்காரனைத் திட்டாத மெக்கானிக்கை அவன் பார்த்ததில்லை. அதற்காகவே பில்லைப் பின் பையில் மடித்து வைத்திருந்தான்.

டில்லிபாபு பனியன் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "நான்தான் சார். ஆஷ்லி மேடம் வண்டிதானே இது? வித்துட்டாங்களா? நல்லாக்கீறாங்களா அவங்க?"

"நல்லா இருக்காங்க," என்றான் பிராங்க்.

வந்த வேலை முடிந்துவிட்டது. அப்படியே கிளம்பியிருக்கலாம். அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"தாங்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரியும் சார். ஒரு வாரம் தாங்கும், அதுக்கு மேல தாங்காது."

பிராங்கின் கை சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அதையும் மேடத்திடம் சொல்லித்தான் அனுப்பினேன் என்றான் டில்லிபாபு. பழைய பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதுசு கடையில் இல்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு, வீட்டுக்காரர் ஆபீஸுக்கு எடுத்துப் போக வேண்டும், திட்டுவார் என்றாளாம். நாலாம் நாளே பைப் வந்துவிட்டது.

அவன் எட்டி, அலமாரி உச்சியிலிருந்து நீளமான பொட்டலம் ஒன்றை இறக்கினான். தூசியைத் தட்டியதும் பாலித்தீன் மேல் மார்க்கர் எழுத்து தெரிந்தது: ஆஷ்லி மேடம். கீழே ஏதோ எண்கள்.

"வண்டி அவரோடது, அவருக்கே போன் பண்ணி வரச் சொல்லுங்கன்னு ஊட்டுக்காரர் நம்பரத்தான் குடுத்தாங்க சார். எத்தினி வாட்டி அட்ச்சேன் தெரியுமா? ரெண்டு ரிங்கு போவும். கட்டு பண்ணிடுவான் அந்தாளு. இன்னா பெரிய கலெக்டரோ."

"பொய் சொல்றீங்க." பிராங்க் குறுக்கிட்டான். "அப்படி எந்தப் போனும் வரலைன்னுதான் அவர் சொன்னாரு."

டில்லிபாபுவின் முகம் சுருங்கியது. வண்டியைக் கெடுத்தவன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான் போல. மேசையிலிருந்த போனை எடுத்தான்.

"நானா பொய் சொல்றேன்? இரு சார், உன் கண்ணு முன்னாடியே அடிக்கிறேன். இப்பவும் கட்டு பண்றானா இல்லியான்னு நீயே பாரு."

பொட்டலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்து அழுத்தினான். ஆறாவது எண் வரும்போதே பிராங்க் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் விரல் தானாகச் சட்டைப் பைக்குள் போய், எதையோ தேடித் தடவியது.

டில்லிபாபு போனைக் காதிலிருந்து மெல்ல இறக்கினான்.

"எடுங்க சார். உங்க போன்தான் அடிக்குது."