தோள்மேல் போட்ட கை

இருட்டாக்கிய அறையில் நுண்ணோக்கியின் திரை மட்டும் ஒளிர்கிறது. சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி கட்டிய அக்கா, தங்கையின் ஆய்வுக்கூடத்துக்கு இன்றுதான் வந்திருக்கிறாள். திரைக்குள்ளேயே போய்விடுவதுபோலக் குனிகிறாள். சிவப்பாக உப்பியிருப்பது புற்றுநோய் செல், அவள் குடலில் வளர்கிற அதே வகை. அதைக் கொல்ல வந்த, உடம்பின் காவல் செல் நீலம். நடுவில் ஊசிபோல நீண்ட பச்சைக் கிருமி, தன் மேற்பரப்பில் முளைத்த புரதங்களால் ஒரு பக்கம் சிவப்பையும் மறுபக்கம் நீலத்தையும் பற்றியிருக்கிறது. நீலம் அப்படியே மலைத்து நிற்கிறது. "சண்டையே காணோமேடி. போலீஸ்காரன் தோள்ல கைபோட்டுப் பேசிட்டிருக்கு!" "அப்படித்தான்க்கா அவனை மடக்குது. இரு, சர்க்கரைத் தண்ணி விடறேன். சிவப்பு மேல இருக்கிற சர்க்கரையைத்தான் அது புடிச்சிருக்கு. இது கிடைச்சா அதை விட்டுடும்." ஒரு சொட்டு விழுகிறது. பச்சை ஊசி நடுங்கி, சிவப்பிலிருந்து மெல்லக் கழன்று மிதக்கிறது. மறுமுனை மட்டும் நீலத்தைவிட்டு அசையவில்லை. "அந்தக் கை?" "அது சர்க்கரைக்கு மசியாதுக்கா. அதைக் கழட்டத்தான் நாங்க முட்டி மோதிட்டிருக்கோம்." அக்கா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பாவி," என்கிறாள், கைக்குழந்தையைப் பார்த்துச் சொல்கிற குரலில், "என்னமா புடிச்சிருக்கு பாரேன்!"