அல்போன்ஸின் துரோகம்

“துரோகி! ஆறே மாசம். அதுக்குள்ள என்னை மறந்துட்டியா?”

மர்சலின் போட்ட கூச்சலில், சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஹென்றி கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மனைவி கூடத்தில் குப்புறப் படுத்து, கண்ணாடித் தொட்டிக்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் கிடந்தாள். திட்டு அவருக்கு இல்லை, அல்போன்சுக்கு.

அல்போன்ஸ் ஓர் ஆமை. மகள் ஷில்பா கல்யாணமாகி மஸ்கட் போனதும் சாந்தோம் வீடே வெறிச்சோடிப் போக, மர்சலின் முறைப்படி பதிவு செய்து வாங்கி வந்த ஆப்பிரிக்க ஆமை. “அல்போன்சு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆடி அசைந்து வந்து அவள் கால் விரலின் சிவப்பு நகப்பூச்சைக் கடிக்கப் பார்க்கும். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

ஷில்பாவின் பிரசவத்துக்குப் போனவள், பேரனைக் குளிப்பாட்டித் தேற்றிவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தாள். குரல் கொடுத்தாள். அல்போன்ஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. செம்பருத்திப் பூவை நீட்டினாள், சிவப்பு நகத்தைக் காட்டினாள். ம்ஹும்!

அதே பூவை ஹென்றி நீட்டியதும் விறுவிறுவென்று வந்து தின்றதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“கல்லுக்கு எதுக்கு சாப்பாடுன்னு கிண்டல் பண்ண மனுஷன் நீங்க. இப்ப உங்க கையால தின்னுதாம்! பேர் வெச்சு வளர்த்தவ நான்!”

“விடு மர்சலின். போகப் போகப் பழகிடும்.”

“பழகறதுக்கு நான் என்ன புது ஆளா?”

ஹென்றி தெளிப்பான் பாட்டிலை எடுத்துத் தொட்டிக்குள் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனிதர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சூட்டு விளக்கு, பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் மீட்டர், தரையில் ஈரமான தேங்காய் நார். மர்சலினுக்கு இதெல்லாம் தெரியாது. சென்னை வெயிலில் பிள்ளைக்கு வேர்க்குமே என்று படுக்கையறையில் துண்டை விரித்துப் போட்டு, ஏசியில்தான் வைத்திருந்தாள். மஸ்கட் கிளம்பும்போதுகூட “ஏசி போட மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அப்போதெல்லாம் அல்போன்ஸின் முதுகு சீத்தாப்பழம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். இப்போது தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது.

“முதுகையே மாத்திட்டீங்க. அதான் பய உங்க பக்கம் சாஞ்சுட்டான்” என்றவளுக்குக் குரல் உடைந்தது. “ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கழட்டி விட்டுட்டீங்க, இல்ல?”

இரவு முழுக்க இதே புலம்பல். விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

“எதுக்கு? நல்லாத்தானே சாப்பிடுது” என்றார் ஹென்றி.

“உங்க கையால சாப்பிடுது! நீங்க வராட்டி போங்க, நான் போறேன்.”

வேறு வழியில்லாமல் அவரும் வந்தார். ஆட்டோவில் மர்சலின் மடியிலிருந்த கூடைப் பக்கம் திரும்பாமல், வெளியே பார்த்தபடியே வந்தார். டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “இன்னாக்கா, கூடையில இன்னா கீது?”

“துரோகி” என்றாள் மர்சலின்.

அதற்குப் பிறகு அடையாறு வரும்வரை டிரைவர் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் வலியுல்லா அல்போன்ஸைத் திருப்பிப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையா வளர்த்திருக்கீங்க. சூடும் ஈரமும் கரெக்டா கொடுத்திருக்கீங்க. நிறைய பேர் சின்னதுலயே ஏசி ரூம்ல வெச்சுடறாங்க. காத்து காய்ஞ்சு ஓடெல்லாம் மேடு தட்டிடும். குளிர்ல சளி பிடிச்சு நெஞ்சுக்கு இறங்கிட்டா காப்பாத்தறதே கஷ்டம்.”

“இதுவும் ஏசியில இருந்ததுதான் டாக்டர்” என்றாள் மர்சலின், கொஞ்சம் வெட்கத்தோடு. “முதுகு பூரா மேடு மேடா இருந்தது. நான் ஊர்ல இல்லாத ஆறு மாசத்துல இவர்தான் தண்ணி தெளிச்சுத் தெளிச்சே சமமாக்கிட்டாரு. ஆனா என்னை மட்டும் அடையாளமே தெரிய மாட்டேங்குது. கண்ணுல ஏதாவது கோளாறா?”

டாக்டர் டார்ச்சை அணைத்தார். அவளைப் பார்த்தார், பிறகு ஹென்றியைப் பார்த்தார்.

“கண்ணு நல்லா இருக்கு. ஆனா மேடு தட்டின ஓடு மறுபடி சமமாகாதும்மா. எத்தனை வருஷம் தண்ணி தெளிச்சாலும் சரி, உயிர் இருக்கற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.”

மர்சலின் மேஜை மேல் இருந்த வழவழப்பான ஓட்டைப் பார்த்தாள். தடவப் போன கை பாதியிலேயே நின்றது. மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

ஹென்றி தலை நிமிரவில்லை.

“அது உன்னை மறக்கல மர்சலின். அது உன்னைப் பார்த்ததே இல்ல.”