கட்டாயக் கட்டம்

அறையில் இருந்தவர்கள் மூவர்: மனைவியை இழந்த விருத்தகிரி, அவர் மகன் தணிகைவேல், வாரிசுச் சான்றிதழுக்கான இணையப் படிவத்தை ஜாவா நிரல்மொழியில் எழுதிய நிர்மலா. விருத்தகிரியின் மகள் பூங்கோதையின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து திரையில் வந்து நின்றது.

“அந்தப் பேர எடும்மா. ஓடிப்போனவ எங்க வீட்டுப் பொண்ணு இல்ல” என்றார் விருத்தகிரி.

“எடுக்க முடியாதுங்கய்யா. இருக்காங்களா, இறந்துட்டாங்களான்னு ஒண்ணு குறிச்சாத்தான் அடுத்த பக்கம் போகும். நான்தான் அப்படி எழுதினேன்.”

“செத்துட்டான்னு போடு.”

உடனே, கட்டாயம் என்று காட்டும் சிவப்பு நட்சத்திரத்தோடு புதிய கட்டம் ஒன்று திறந்து, இறந்த தேதியைக் கேட்டது.

“அப்பா, வேணாம்ப்பா” என்றான் தணிகைவேல்.

விருத்தகிரி முதுகு வளையாமல் உட்கார்ந்து ஒரு தேதியைச் சொன்னார்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அப்படியல்ல. பதிவு அலுவலகத்தில் பூங்கோதை மாலை மாற்றிக்கொண்ட நாள் அது.