கையெழுத்து ஏஜெண்ட்

“தவணைத் தேதி தாண்டிப்போச்சு. அதுக்கப்புறம் எத்தனை நாள் அவகாசம்?”

“பத்து நாள்.”

“முப்பது! நாளைக்கு அந்த மேனேஜர் முன்னாடி பத்துன்னு சொல்லு. பதினோரு வருஷம் நாயா அலைஞ்சது அத்தனையும் பாழ்.”

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்தபடி, “சரி, முப்பது. அடுத்தது கேளுங்க” என்றாள்.

அரசாங்க வேலையில் இருப்பவர் வேறு தொழில் பார்க்கக் கூடாது. அதனால் இன்சூரன்ஸ் ஏஜென்சி மனைவி பெயரில் இருந்தது. ஆள் பிடிப்பது, படிவம் நிரப்புவது, வீடு வீடாக ஏறி இறங்குவது எல்லாம் அவர். அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது அவள். ஊரில் நாலு பேர் செய்வதுதானே என்று அவருடைய மனசாட்சி எப்போதோ தூங்கிவிட்டிருந்தது.

போன வாரம் கிளை அலுவலகத்துக்கு யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ‘இந்த ஏஜெண்ட் வெறும் கையெழுத்து. இன்சூரன்ஸ் பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள்.’

விசாரணைக்கு வரச் சொன்ன நோட்டீஸோடு அதன் டைப் அடித்த நகலும் வந்தது. மனைவி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. வருஷா வருஷம் வரும் கமிஷனும் அதோடு சரி. அதுகூடப் போகட்டும். ‘அப்படியானால் இத்தனை வருஷம் வேலை பார்த்தது யார்?’ என்று ஒருவன் கேட்டால் போதும், குமாஸ்தாவின் உத்தியோகமும் போய்விடும்.

மூன்று நாள் லீவு போட்டுப் பாடம் நடத்தினார். அடுப்படியில், மொட்டை மாடியில், துணி மடிக்கும்போது. அவள் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தார். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“இது கூலிங்கிளாஸ் வேலைதான்” என்றார் நடுவில். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியோடு திரியும் இன்னொரு ஏஜெண்ட் அவன். “அவனோட பார்ட்டி ரெண்டு பேரை நான் இழுத்துட்டேன்னு கருவிக்கிட்டே இருந்தான்.”

“யாரா இருந்தா என்னங்க? நாமினி செத்துட்டா என்ன செய்யணும்னு சொல்லிட்டிருந்தீங்க.”

மறுநாள் மேனேஜர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

குமாஸ்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்பு. வாய் அசைவது தெரிகிறது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மேனேஜர் ஏதோ கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணினாள். குமாஸ்தா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். எதை எண்ணுகிறாள்? எண்ணுவதற்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே!

பத்து நிமிஷத்தில் முடியும் என்று நினைத்திருந்தார். அரை மணி ஆயிற்று. இப்போது மேனேஜர் வாயை மூடிக்கொண்டிருக்க, அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். மேனேஜர் தலையைச் சொறிந்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். குமாஸ்தாவின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

கதவு திறந்தது.

“நீங்க யாரு சார்?” என்றார் மேனேஜர்.

“நான்... வீட்டுக்காரர். சும்மா துணைக்கு வந்தேன்.”

“உங்க வீட்டம்மாவைப் பத்தியா இப்படி எழுதினாங்க? நான் நாலு கேள்வி கேட்டா, அவங்க என்னை எட்டுக் கேள்வி கேக்கறாங்க! புகார் பொய்னு எழுதிட்டேன். ஒப்பந்தம் அப்படியே இருக்கும். போயிட்டு வாங்க.”

தெருவுக்கு வந்ததும்தான் குமாஸ்தாவுக்கு மூச்சே வந்தது.

“பிழைச்சோம்டி! அந்தக் கூலிங்கிளாஸ் மட்டும் கையில கிடைக்கட்டும், அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன். வா, பஸ் வருது.”

“நீங்க ஏறுங்க. நான் எதிர்ப்பக்கம் போகணும்.”

“எங்கே?”

அவள் கையில் இருந்த படிவத்தைக் காட்டினாள். “போன மாசம் ஒரு அம்மா நம்ம வீட்டுக்கு வந்தாங்க. புருஷன் தவறிட்டாராம். நாலு வருஷம் கட்டிட்டு, முடியாம நிறுத்தியிருக்கார். பாலிசியில என் பேரைப் பார்த்துட்டு, ‘நீங்கதானே ஏஜெண்ட், ஏதாவது கிடைக்குமாம்மா?’ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். உங்களைக் கேட்டதுக்கு, ‘அதுல நமக்கு ஒரு பைசா வராது, விடு’ன்னீங்க.”

“அதுக்கென்ன இப்போ?”

“கிடைக்குமாம்ங்க. முழுசா இல்லைன்னாலும் கட்டினதுக்கு உண்டாம். மேனேஜரே படிவம் எடுத்துக் கொடுத்தார்.”

பஸ் வந்து நின்றது. குமாஸ்தா ஏறவில்லை. அவளையே பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது.

“அப்போ... அந்த லெட்டர்...”

அவள் மறுக்கவில்லை.

“அடிப்பாவி! என் வேலையே போயிருக்குமேடி!”

“உங்க பேரை அதுல எழுதலையே. தலை போனா ஏஜெண்ட் தலைதானே போயிருக்கும்” என்றபடி அவள் தெருவைக் கடக்க இறங்கினாள். பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“பதினோரு வருஷமா ‘உனக்கெதுக்கு அதெல்லாம்’னு சொன்ன மனுஷனை, வேற எப்படிங்க மூணு நாள் உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுக்க வைக்கிறது?”